ஆய்வகத்தில் விக்கிப்பீடியா தடை: பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக் கணினி ஆய்வகத்திலிருந்து தமிழ் விக்கிப்பீடியாவைப் படிக்கலாம். ஆனால் திருத்த முடியாதபடி விக்கிப்பீடியா நிர்வாகிகள் தடை போட்டிருக்கிறார்கள். போன வாரம் யாரோ திருவள்ளுவர் கட்டுரையில் நண்பனின் பட்டப்பெயரை நான்கு முறை எழுதி வைத்ததுதான் காரணம். உடனே நீக்கிவிட்டார்கள். ஆனாலும் பக்கத்தின் 'வரலாறு' பகுதியில் நேரத்தோடு பதிவாகி இருக்கிறது!

ஆய்வகத்தின் 30 கணினிகளும் வெளியே ஒரே ஐ.பி. முகவரியாகத்தான் (இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்) தெரியும். அதனால் ஒருவர் குறும்புக்கு எல்லோருக்கும் பூட்டு. கட்டுரை எழுதிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பாவம்.

1. பிள்ளையிடம் வீட்டில் பேசுங்கள். 'யார் செய்தது' விசாரணை இங்கே வேண்டாம்.
2. வீட்டிலிருந்தே பயனர் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். இந்தத் தடை கணக்கில்லாமல் திருத்துவோருக்கு மட்டுமே. அந்தக் கணக்கில் புகுபதிகை (லாகின்) செய்தால் ஆய்வகத்திலும் திருத்தலாம். உண்மைப் பெயர், பள்ளிப் பெயர் வைக்க வேண்டாம்.
3. எழுந்து வருமுன் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லுங்கள். அடுத்து உட்காருபவர் செய்வதெல்லாம் உங்கள் பிள்ளை கணக்கில் விழும்.
4. எழுதிப் பழக விக்கிப்பீடியாவில் 'மணல்தொட்டி' என்ற பயிற்சிப் பக்கம் இருக்கிறது.
5. சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு ஆய்வகத்தில் கூடுவோம். கணினி ஆசிரியரும் வருகிறார்.

வருவோர் வெள்ளி இரவு 8 மணிக்குள் பிள்ளையின் வகுப்பைக் குறிப்பிட்டுப் பதில் போடவும். வெறும் கட்டைவிரல் படம் போட்டால் யார் வருகிறார்கள் என்று கணக்கெடுக்க முடியவில்லை.