சீலையில் கிமோனோக் கை

அன்பு மகளுக்கு,

யப்பான்காரற்றை நூல் கிமோனோவான யுகத்தா மாதிரி ஒரு மேலங்கி தைக்கப்போறாய், கையை எப்படி வெட்டுறது எண்டு கேட்டிருந்தாய். எங்கட தையல் புத்தகங்களில் ‘கிமோனோக் கை’ எண்டு போட்டிருக்கிறது வேற. அது உடம்போடை சேர்த்து ஒரே துண்டாய் வெட்டி, கமக்கட்டுக்குள்ளை சாய்சதுரத் துண்டு வைச்சு அடிக்கிற கை. அதைப் பார்த்து வெட்டிப்போடாதை. யப்பான்காரற்றை கை தனித்துண்டு. வளைவான கைக்குழி இல்லை, தோளிலை தையலும் இல்லை. நீட்டுத் துண்டு ஒண்டை மேலே இரண்டாய் மடிச்சு உடம்பிலை பொருத்துறதுதான்.

அளவு எடுக்கேக்கை கையைப் பக்கவாட்டாய் அரைவாசி உயர்த்தி, பின்கழுத்து எலும்பிலிருந்து தோளுக்கு மேலாலை மணிக்கட்டு எலும்பு வரைக்கும் ரேப்பைப் பிடி. இதை யுகி எண்டு சொல்லுவினம். உனக்கு 66 சென்ரிமீற்றர் வந்தால், முதுகு நடுவிலிருந்து 32 உடம்புக்கு, மிச்சம் 34 கைக்கு. கையின் அகலம் உடம்பின்ரை பாதியை விடக் கொஞ்சம் கூட இருக்கலாம், குறையக்கூடாது. குறைஞ்சால் பொருத்தின தையல் கையிலை இறங்கி நிண்டு வடிவைக் கெடுக்கும். கை மேல்மடிப்பிலிருந்து கீழ தொங்குற நீளம் பெண்களுக்கு வழக்கமாய் 49. கலியாணமாகாத பெட்டையள் விசேஷத்துக்கு உடுத்துற ஃபுரிசோதேயிலை அது ஒரு மீற்றருக்கும் மேலை போகும். உனக்கு அது வேண்டாம், சமையலறையிலை சட்டிக்குள்ளை விழும்.

இனி வெட்டு. நான் அனுப்பின பச்சைக் கரை நூல் சீலை 114 அகலம். முதல் ஒரு இரவு தண்ணியிலை ஊறவிட்டு, கஞ்சி போனபிறகு காயவைச்சு அயன் பண்ணு. கைத்தறி சுருங்காமல் விடாது. முந்தானைக்கு எதிர்த்தலைப்பிலை 104 நீளம் அளந்து குறுக்கே வெட்டு. அதாவது 49 இரண்டு தரம், அடித்தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் 3. இந்தக் கரையிலிருந்து 37, அந்தக் கரையிலிருந்து 37 எடு. அந்த 37 என்னெண்டால், கை 34, கரைப்பக்கம் மடிக்க 1, உடம்புப் பக்கம் 2. கரை இரண்டு கைக்கும் மணிக்கட்டுப் பக்கம் விழும், துணிக்கரை பிரியாது எண்டபடியால் அங்கை ஒரு மடிப்புப் போதும். ஒரே கரையிலிருந்து இரண்டையும் எடுத்தால் ஒரு கையிலை கரை வரும், மற்றதிலை வராது. வேற துணியிலை தைக்கிறதெண்டால் பூ ஒரே திசையிலை நிக்குதோ எண்டு பார். துண்டு தோளாலை சுத்திப் போறதாலை முன்னுக்கு நிமிர்ந்து நிக்கிற மயில் பின்னுக்குத் தலைகீழாய்த் தொங்கும்.

துண்டை மடிச்சு, மடிப்பிலிருந்து இரண்டு பக்கமும் 23 அளந்து சோக்காலை குறி. கரைப்பக்கம் அந்த 23 கை வெளியாலை வாற வாய், அதைத் தைக்கிறேல்லை. உடம்புப் பக்கம் 23ஐ மட்டும் உடம்போடை பொருத்து. கீழ 26உம் திறந்தே தொங்கும். அதுக்கு ஃபுரி எண்டு பேர்.

எல்லாரும் பிழைவிடுறது இந்த இடத்திலைதான். எங்கட சட்டைப் பழக்கத்திலை 49ஐயும் உடம்போடை அடிச்சுப்போடுவினம். பிறகு கையைத் தூக்கினால் முழுச் சட்டையும் மேலே வரும், இடுப்புப் பட்டி கட்டியிருந்தால் பட்டியோடை இழுபடும். பெண்கள் பட்டியை உயர்த்திக் கட்டுறபடியாலைதான் அந்த இடம் விட்டிருக்கு. உடம்பிலையும் தோளிலிருந்து 23க்குக் கீழ இன்னுமொரு 15 தைக்காமல் விட்டிட்டுத்தான் பக்கத் தையல் துவங்கவேணும். மருமகனுக்கு ஒண்டு தைக்க நினைச்சால் அவருக்கு இந்தத் திறப்பு இல்லை. ஆம்பிளையள் பட்டியைத் தாழக் கட்டுறதாலை கையை ஏறக்குறைய முழுசாய்ப் பொருத்தி, கீழ மிஞ்சுற துண்டையும் மூடித் தைச்சுவிடுவினம்.

தைக்கேக்கை முதலிலை அடிப்பக்கம். நல்ல பக்கம் வெளியாலை தெரிய வைச்சு, ஓரத்திலிருந்து அரைச் சென்ரிமீற்றரிலை ஒரு தையல். உள்பக்கம் வெளியாலை வரத் திருப்பி, இப்ப கரைப்பக்கத்து 23 குறியிலிருந்து இறங்கி, மூலையிலை 2 சென்ரிமீற்றர் வட்டமாய் வளைஞ்சு, அடியாலை போய் முடி. வெட்டு வாய் உள்ளுக்கை அடங்கும். வளைவிலை கத்தரி வைச்சுக் கொத்தாதை. வளைவுத் தையலுக்கு வெளியாலை மிஞ்சுற துணியிலை ஓட்டத் தையல் இரண்டு வரி போட்டு, வட்டமாய் வெட்டின மட்டையை உள்ளை வைச்சு நூலை இழு. சுருக்கு உள்ளுக்குப் போய், வெளியாலை மூலை மழமழெண்டு நிக்கும். மட்டையோடையே அயன் பண்ணிப்போட்டுப் பிறகு எடு. யப்பான்காரர் துணியை வெட்டிக் கழிக்காமல் மடிச்சு வைக்கிறதுக்குக் காரணம், கிமோனோவைப் பிரிச்சுத் தோய்ச்சுத் திரும்பத் தைக்கிற வழக்கம்.

அயன் பண்ணேக்கை தையல் கோட்டிலையே மடிக்காதை. கோட்டுக்கு 2 மில்லிமீற்றர் தள்ளி முன்பக்கமாய் மடி. அதுதான் கிசே. வெளியிலிருந்து பார்த்தால் நூல் தெரியாது, இழுவையும் தையலிலை நேரே விழாது.

உடம்போடை பொருத்தேக்கை கையின் மடிப்பும் தோள் மடிப்பும் ஒண்டோடொண்டு சேரக் குண்டூசி குத்தி, நடுவிலிருந்து கீழ்நோக்கித் தை. ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு ஓடினால் மெசின் மேல்துணியைத் தள்ளிவிடும், முன்னும் பின்னும் ஒத்துவராது. தையலுக்கு விட்ட 2ஐயும் கைப்பக்கம் திருப்பி, ஃபுரியின் ஓரத்தையும் அதே கோட்டிலை இரட்டையாய் மடிச்சு நுணுக்கமாய்க் கைத்தையல் போடு.

கடைசியாய் முடிச்சுக் கட்டு. ஒரு கைக்கு மூண்டு இடம்: மணிக்கட்டு வாயின் அடி, பொருத்தின தையல் முடியுற முன், பின். மெசினிலை முன்னுக்குப் பின்னுக்கு ஓட்டினது காணாது. நூல் நிக்கும், துணிதான் கிழியும். இரட்டை நூலாலை குறுக்கே மூண்டு தரம் போட்டு, அதைச் சுத்திக் கட்டு.

சீலை நடுவிலை மிஞ்சுற 40 அகலத் துண்டை எறியாதை, கழுத்துப் பட்டிக்கு அது வேணும். கையைப் பொருத்தமுந்தி உடம்பின்ரை அளவை எனக்கு எழுது.

அம்மா
யாழ்ப்பாணம்