சோப்பு வாசனை தெரியுதா?

தம்பி,

முதல் ரெண்டு வரி ஒழுங்கா இருக்கும், அப்புறம் எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துடும். கண்ணாடி போட்டுப் படி. போன்ல பேசலாம்னா என் குரல் உனக்குக் கேக்கறதில்ல. நீயும் அம்மாகிட்டதானே பேசறே.

ராத்திரி நல்லாத் தூங்கறியா? தூக்கத்துல கை காலை உதறுறியா? ரூம்ல இருக்கிற பையனைக் கேட்டுச் சொல்லு. குளிக்கும்போது சோப்பு வாசனை தெரியுதா? சும்மாதான் கேக்கறேன்.

நான் தினமும் பாக்ஸிங் ஜிம்முக்குப் போறேன். என்னை நிறுத்தச் சொல்லி அம்மாகிட்டச் சொன்னியாமே? எதுக்கு நிறுத்தணும்? மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான், பசங்க குத்தை வாங்கற பேடைக் கையில மாட்டறேன். மடியில சும்மா கிடந்தா ஆடுற இடது கை, குத்து வாங்க நீட்டினா அடங்கிடுது. வம்பெல்லாம் ரிங் படிகிட்டதான். கால் தரையோட ஒட்டிக்கும். பசங்க தரையில வெள்ளை டேப்பைக் குறுக்கே குறுக்கே ஒட்டியிருக்காங்க. கோட்டைத் தாண்டறேன்னு நினைச்சா கால் தானா வருது. அந்தச் சின்னப் பொண்ணு பக்கத்துல நின்னு "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணுவா. நான் சொல்லிக்கொடுத்த எண்ணிக்கை!

நீ நாக் அவுட் ஆனது எனக்குத் தெரியும். பன்னெண்டாம் நாளே ஸ்பாரிங், அதான் பயிற்சிச் சண்டைக்குப் போனதும் தெரியும். குறைஞ்சது 30 நாள்னு விதி இருக்கு, நீ படிக்காததா? தலைவலி இருந்தா மறைக்காதே. முன்கையால விடற குத்து, உன் ஜாப், இப்பவும் அழகு, வீடியோவைப் பாத்துட்டு பசங்ககிட்டக் காட்டினேன். ஆனா ஜாப் போட்டதும் தலையை நகர்த்த மாட்டேங்கறே. பத்து வயசுலேருந்து சொல்றேன், தலையை நகர்த்து.

அமெரிக்கக் கோச் ஃப்ரெடி ரோச், எனக்கு இருக்கிற இதே பார்க்கின்சன் நோயோட பேடு பிடிச்சுத்தான் உலக சாம்பியன் மேனி பாக்கியாவோவைத் தயார் பண்ணினார்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்வேன். மீதிக் கதையை உன்கிட்டச் சொன்னதில்ல. ரோச் தானே ஆடிட்டிருந்த காலத்துல, போதும் விட்டுடுன்னார் அவரோட பயிற்சியாளர் எடி ஃபட்ச். ரோச் கேக்கல. மேல ஆடினார், பெரும்பாலும் தோல்வி. 26 வயசுல விட்டார். உனக்கு இப்ப அதைவிட ரெண்டு வயசு கூட. ஃபட்ச் சொல்லியும் கேக்காம ஆடினப்ப அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார் தெரியுமா? அவரோட அப்பா.

குத்து வாங்கினதாலதான் எனக்கு இது வந்துச்சான்னு டாக்டரைக் கேட்டேன். ஒரு ஆளைக் காட்டி இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா தலையில அடி வாங்கினவங்களுக்கு வாய்ப்பு கூடும்னார். கை ஆட ஆரம்பிக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே எனக்கு வாசனை போயிடுச்சு. கிளவுஸ் நாத்தம்கூட தெரியல, தூக்கத்துல அம்மாவை ரெண்டு தடவை குத்தியிருக்கேன். வீட்ல சிரிச்சோம், ஞாபகம் இருக்கா?

அந்த ஃபைனல். ரெண்டாம் ரவுண்டு முடிஞ்சு ஸ்டூல்ல உக்காந்து, "அப்பா, ரெண்டு ஆளாத் தெரியுறான்"னே. ரிங்குக்குள்ள வீசினா ஆட்டத்தை நிறுத்திடற டவல் என் தோள்லதான் கிடந்துச்சு. அதால உன் முகத்தைத் துடைச்சு, மவுத்கார்டைத் திரும்ப வாயில வச்சு அனுப்பினேன். ஜெயிச்சே. ராத்திரி ரயில்ல வாந்தி எடுத்தே. சாப்பாடு ஒத்துக்கலன்னு அம்மாகிட்டச் சொன்னேன். நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கல. அடியை மறைக்கிறதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்டா.

இன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். நீ நரம்பு டாக்டரைப் போய்ப் பாரு, பணம் அனுப்பறேன். ஸ்பாரிங் வேண்டாம். தலையை நகர்த்துன்னு மேல எழுதினேனே, அதையும் விடு, இப்ப ஸ்பாரிங்கே வேண்டாம்.

இதுக்கு மேல என் எழுத்து எனக்கே புரியல. சோப்பு விஷயத்துக்குப் பதில் போடு.

அப்பா