ஏலகிரி இறக்கத்துக்கு எந்த வீல்?

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புனேவை முடித்துக்கொண்டு வாலாஜாவுக்கே திரும்பி வரப்போகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குத்தான் அதிக சந்தோஷம். கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது பேப்பரைத் தானே படிக்கிறாள். "வந்ததும் சாப்பிட வரச் சொல்லு" என்று இப்போதே சொல்லிவிட்டாள். சின்னவள் பிளஸ் டூ முடித்து கவுன்சலிங்குக்குக் காத்திருக்கிறாள். வெயில் இந்த வருஷமும் கத்திரியோடு விடவில்லை, காலை எட்டு மணிக்குமேல் சைக்கிளை வெளியே எடுக்க முடியாது. இன்னொன்று, நீ ஊரை விட்டுப் போனபோது வேலூர் மாவட்டத்தில் இருந்த வாலாஜா 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். ஆதாரில் முகவரி மாற்றும்போது நினைவு வைத்துக்கொள்.

சரி, வீல் விஷயத்துக்கு வருகிறேன். வாங்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய சைக்கிள் வீல் படத்தைப் பார்த்தேன். ரிம், அதாவது டயர் உட்காருகிற வெளி வளையம், 50 மில்லிமீட்டர் ஆழம், முழுக் கார்பன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வாங்காதே. நீ போடப்போவது சின்னத் தொகை இல்லை என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உன்னுடையது ரிம் பிரேக் வண்டி. யோசனையை இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வீலின் நடுவில் தனித் தட்டில் பிரேக் பிடிக்கிற டிஸ்க் வண்டியில் ரிம்முக்கு டயரைத் தாங்குகிற வேலை மட்டும்தான். உன் வண்டியில் பிரேக் பிடிக்கிற இடமும் அதே ரிம்தான். வந்ததும் முதலில் ஏலகிரி ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஏறுவது இருக்கட்டும், இறங்குவதை நினைத்துப் பார். புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேகத்தை நன்றாகக் குறைத்தாக வேண்டும். நீ 80 கிலோ. வண்டி, தண்ணீர், பம்பு எல்லாம் சேர்த்து 90 என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் இறங்கினால் 88 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். நேர் ரோட்டில் அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்கும்போது பெரும்பகுதி ரிம்முக்குத்தான் போகிறது.

அலுமினிய ரிம் அந்தச் சூட்டைச் சுற்றிலும் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் அப்படி இல்லை. கார்பன் நாரைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிசின், அது சூட்டைச் சரியாகக் கடத்தாது. சூடு பிரேக் பிடிக்கிற பட்டையிலேயே தேங்கி நிற்கும். ஓர் அளவைத் தாண்டினால் பிசின் இளகி, டயரைக் கவ்வி நிற்கிற ரிம் சுவர் வெளிப்பக்கம் வளையும், அடுக்கு பிரியும், உள்ளே டியூப் வெடிப்பதும் உண்டு. நல்ல கம்பெனிகள் அதிகச் சூடு தாங்கும் பிசினைப் போட்டு, அதற்கென்று தனிப் பிரேக் கட்டையும் தருகிறார்கள். நீ காட்டிய விலைக்கு அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், இறங்குவதற்கு முன்பே ரிம் சூடாகத்தான் இருக்கும். மழையில் நனைந்த கார்பனில் பிரேக் பிடிக்கத் தாமதமாகும் என்பது தனி.

ரேஸ்காரர்கள் ரிம் பிரேக்கும் கார்பனுமாக ஆல்ப்ஸ் மலையில் இறங்கவில்லையா என்று கேட்பாய். இறங்கினார்கள். ஆனால் பெரும்பாலும் டியூபுலர் ரிம்மில். அதில் டயரைப் பசை போட்டு ஒட்டுவார்கள், காற்றழுத்தம் ரிம் சுவரை வெளியே தள்ளாது. பின்னாலேயே மாற்று வீலோடு கார் வரும். 2018-ல் பன்னாட்டு சைக்கிள் சங்கம் ரோடு ரேஸில் டிஸ்க் பிரேக்கை முழுசாக அனுமதித்த பிறகு, ரிம் பிரேக்குக்கு உயர்ந்த வீல் செய்வதே குறைந்துபோனது. இன்று நீ வாங்குகிற செட்டுக்கு ஐந்து வருஷம் கழித்து அதே ரிம் கிடைக்குமா என்று யோசி. ரிம் பிரேக்கில் ரிம் தேய்ந்தே தீரும். நம் பாலாற்று மணலும் மழைச் சேறும் கட்டையில் ஒட்டிக்கொண்டு அரம்போல ராவும். அலுமினிய ரிம்மின் பக்கத்தில் ஒரு சின்னக் குழியோ கோடோ இருக்கும், அது மறைந்தால் ரிம்மை மாற்ற வேண்டும்.

அதனால் என் யோசனை இது. ரெடிமேட் செட்டே வேண்டாம். ஹப் (வீலின் நடு அச்சுப் பகுதி), ரிம், கம்பி தனித்தனியாக வாங்கு, இங்கே கட்டிக்கொள்ளலாம். ரிம் தேய்ந்தால் ரிம்மை மட்டும் மாற்றினால் போதும், ஹப் காலத்துக்கும் இருக்கும்.

கட்டுவதற்கு ஆள் இருக்கிறார். லாங்கு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை, எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கட்டின வீலில்தான் நான் ஓட்டுகிறேன். என் பின் வீலை அவர் கட்டியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பியைக் குறுக்கே தாண்டி ரிம்முக்குப் போகிற மாதிரி கோத்தார். கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்குகிற சின்ன நட்டுதான் நிப்பிள், அதன் மரையில் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு எல்லா நிப்பிளையும் ஒரே அளவுக்கு, அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்கினார். வீல் நேராக வந்துவிட்டது, முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் வீலை மடியில் வைத்து, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தார். உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டிருந்த கம்பி டிங் டிங் என்று விட்டது. மறுபடி ஸ்டாண்டில் மாட்டினால் கோட்டம் வந்திருந்தது. கோட்டம் எடுத்து மறுபடி இறுக்கிப் பிடித்தார். சத்தம் வருவது நிற்கும்வரை இதையே செய்தார். கடைசியில் நகத்தால் ஒவ்வொரு கம்பியையும் தட்டி, ஒரு பக்கத்துக் கம்பியெல்லாம் ஒரே சுருதியில் இருக்கிறதா என்று காதால் கேட்டார். இந்தப் பொறுமை மெஷினில் கட்டி வருகிற மலிவு வீலில் கிடையாது. அந்த வீல்கள் முதல் மாதமே கோட்டம் காட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

பின் வீலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 11 பல்சக்கரத்துக்கு இடம் விடுவதற்காக வலப்பக்கக் கம்பி ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், இடப்பக்கம் சாய்ந்து வரும். ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் இடப்பக்கக் கம்பியின் இறுக்கம் வலப்பக்கத்தில் பாதிக்குப் பக்கமாகத்தான் இருக்க முடியும். கம்பி குறைவாக இருந்தால் இந்த இளகின பக்கம் இன்னும் இளகி, குழியில் விழும்போதெல்லாம் நிப்பிள் தானாகக் கழலும். உன் எடைக்குப் பின்னால் 32 கம்பி போடு. முன்னால் 28 போதும், ஹப் கிடைக்காவிட்டால் 32 ஆகவே இருக்கட்டும். நான்கு கம்பியின் எடை 30 கிராமுக்குள்தான். நிப்பிள் பித்தளையில் வாங்கு, அலுமினிய நிப்பிள் நம் வியர்வைக்கும் மழைக்கும் அரித்துப்போகும்.

ரிம்முக்கு டிடி ஸ்விஸ் ஆர்460 பார்த்து வைத்திருக்கிறேன். பெயரில் இருக்கிற மாதிரியே 460 கிராம், உள் அகலம் 18 மில்லிமீட்டர், டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரும் போடலாம். மாவிக் ஓப்பன் ப்ரோ கிடைத்தாலும் சந்தோஷம்தான். ஹப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஷிமானோ. கப்புக்கும் கோனுக்கும் நடுவில் பால்ரஸ் உருளுகிற பழைய முறை. மெல்லிய கோன் ஸ்பேனர் இருந்தால் வீட்டிலேயே பிரித்து கிரீஸ் போடலாம். முன்னால் 3/16 இஞ்ச், பின்னால் 1/4 இஞ்ச் பால்ரஸ், எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

எடையைப் பற்றி உன் கவலை எனக்குப் புரிகிறது. நீ காட்டிய கார்பனைவிட இது 300 கிராம் கூட இருக்கும் என்றே வைத்துக்கொள். 90 கிலோவில் 300 கிராம் என்றால் முந்நூற்றில் ஒரு பங்கு. ஒரு மணி நேர ஏற்றத்தில் 12 விநாடி. சுற்றுகிற எடை இரண்டு மடங்கு என்று சொல்வார்களே, அது வேகம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும்தான். ஒரே சீராக மலை ஏறும்போது வீலில் இருந்தாலும் பாட்டிலில் இருந்தாலும் எடை எடைதான்.

காற்றைக் கிழிக்கிற விஷயத்தில் ஆழமான ரிம்முக்குப் பலன் உண்டு, மறுக்க மாட்டேன். வேகம் கூடக் கூடக் காற்றுக்குச் செலவாகும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். ஆனால் அந்தக் காற்றில் பெரும்பங்கு மோதுவது உன் உடம்பில், வீலில் இல்லை. அப்புறம் நம் ஊர் ஆடிக் காற்றை நீ மறந்திருப்பாய். பள்ளிகொண்டா பக்கம் போனால் முகத்தில் அடிக்கும். கண்ணமங்கலம் வழியாக ஆரணி ரோட்டில் திரும்பினால் பக்கவாட்டில் அடிக்கும். ஆழமான முன் ரிம்மைப் பக்கக் காற்று பிடித்தால் ஹேண்டில்பாரையே திருப்பும். பைபாஸில் லாரி தாண்டிப் போகிற கணத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சமாகிற பணத்தில் நல்ல டயர் வாங்கு. தடித்த சாதா டயருக்கும் நல்ல ரேஸ் டயருக்கும் உருளும் தடையில் ஜோடிக்கு 10 வாட் வரை, சிலதில் அதற்கு மேலும் வித்தியாசம் வரும். நீ ஓட்டுகிற வேகத்தில் 50 மில்லிமீட்டர் ரிம் அவ்வளவு தராது. 28 மில்லிமீட்டர் அகல டயர் உன் பிரேக்குக்குள் நுழைந்தால் அதுதான் முதல் தேர்வு, காற்றழுத்தம் 80 பிஎஸ்ஐ-யை ஒட்டிப் போதும். 120 அடிக்கிற பழக்கத்தை விட்டுவிடு, மேடு பள்ளத்தில் வண்டி துள்ளினால் வேகமும் போகும் கையும் மரத்துப்போகும். அவசரத்துக்கு ஊர்க் கடையில் 28 இஞ்ச் டயர் வாங்கலாம் என்று நினைக்காதே. அது 635 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்முக்கு, நம்முடையது 622.

சீமைக் கருவேல முள்ளுக்காகவாவது டியூப்லெஸ் போடச் சொல்வேன். அமிர்தி ரோட்டில் ஓரம் வெட்டிப் போட்டிருக்கிற நாட்களில், முள் குத்தி நின்றாலும் உள்ளே ஊற்றியிருக்கிற சீலண்ட் திரவம் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஆனால் இங்கே வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்துவிடும், மாதம் ஒருமுறை வால்வைக் கழற்றிப் பார்த்து ஊற்ற வேண்டும். பையில் ஒரு டியூப் எப்போதும் இருக்கட்டும். டியூப் போட வேண்டி வந்தால், முதலில் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவு. சீலண்ட் அடைத்து வைத்திருந்த பழைய முள்ளெல்லாம் அங்கேதான் நிற்கும், எடுக்காமல் டியூப் போட்டால் அடுத்த நிமிஷம் அதுவும் பஞ்சர். பைக் பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்றடிக்க பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள், கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

இப்போது நீ செய்ய வேண்டியது, பிரேக்கின் இரண்டு கைக்கும் நடுவில் டயர் போகிற இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுது. ஃபோர்க்கின் உச்சியிலும், பின்னால் சீட்டுக் குழாய்ப் பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று பார். பின் வீல் மாட்டுகிற இடத்தின் உள் அகலம் 130 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதையும் உறுதி செய். அளவு வந்ததும் பாயிடம் காட்டி, கம்பி நீளம் கணக்குப் போட்டுச் சாமான் பட்டியல் அனுப்புகிறேன். ரிம்மையும் ஹப்பையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடு, கம்பியை மட்டும் இங்கே பார்த்துக்கொள்ளலாம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சத்துவாச்சாரி மச்சான்