அப்டேட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள், நெட்வொர்க் வழியாகப் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் நிறுவுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கேள்வி-பதிலைப் படித்தேன். பென்டிரைவ் தயார் செய்வது, வட்டைப் பிரிப்பது எல்லாம் தெளிவாகவே இருந்தது. வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவருக்கு அது போதும். ஆனால் ஆய்வகம் நடத்தும் ஒரு வாசகர் கேட்ட கேள்விக்கும் அதே பதிலைக் கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாக ஓட ஆரம்பித்த பிறகு அப்டேட்டை நிறுத்தி வைத்துவிடலாம் என்றும் சேர்த்திருந்தீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. பல வருடங்களாக ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்பவள் என்பதால் எழுதுகிறேன்.

பென்டிரைவும் கையுமாக ஒவ்வொரு சிஸ்டமாகப் போனால் நேரம் ஆகும் என்பது தெரிந்ததுதான். அதைவிடப் பெரிய சிக்கல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி அமைந்துவிடுவது. ஒன்றில் நினைவகம் நிறைந்தால் கைகொடுக்கும் ஸ்வாப் பகுதி இருக்காது. இன்னொன்றில் நேர மண்டலம் தப்பாக இருக்கும். மூன்றாவதில் யாரோ அவசரத்தில் வேறு ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கொடுத்திருப்பார்கள். எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலையில் புதிய பதிப்புக்கு மாற்ற யாருக்குத்தான் தைரியம் வரும்? அப்டேட்டை நிறுத்தி வைக்கும் பழக்கம் இந்தப் பயத்தில் பிறந்ததுதான். நிறுவும் முறையைச் சரிசெய்தால் பயம் தானாகப் போய்விடும்.

நெட்வொர்க் வழியாக நிறுவுவதற்கான பிஎக்ஸ்இ வசதி 1990-களின் கடைசியில் இன்டெல் முன்னெடுத்து வந்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் அது இருக்கிறது. நெட்வொர்க் பூட் கொடுத்ததும் கறுப்புத் திரையில் முதலில் நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரி வரும். அடுத்த வரியில் டிஎச்சிபி என்று போட்டு ஒரு சின்னக் கோடு சுழலும். தனக்கு முகவரி தரும்படி அந்தக் கணினி நெட்வொர்க் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் ஐபி முகவரியோடு, பூட் கோப்பின் பெயர் என்ன, அது எந்த சர்வரில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். கணினி அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக இழுத்துக்கொள்ளும். அதைத் தொடர்ந்து இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல், அப்புறம் நிறுவும் நிரலான இன்ஸ்டாலர்.

இதில் டிஎஃப்டிபி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1981-லேயே ஆவணமாக வந்துவிட்ட பழைய நெறிமுறை அது. அடிப்படை வடிவத்தில் 512 பைட் அனுப்பும். வந்து சேர்ந்தது என்று பதில் கிடைத்த பிறகே அடுத்த 512 பைட். 50 எம்பி கோப்புக்கு இப்படி ஏறத்தாழ ஒரு லட்சம் முறை போய்வர வேண்டும். நெட்வொர்க் இன்ஸ்டால் ஆமை வேகம் என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கர்னலை ஏற்றிவிடும் சின்ன பூட் லோடரை மட்டும் டிஎஃப்டிபியில் கொடுத்து, மீதி எல்லாவற்றையும் இணையப் பக்கங்கள் வருகிற எச்டிடிபி வழியாகக் கொடுத்தால் வேகம் வந்துவிடும். ஐபிஎக்ஸ்இ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த முறையின் உயிர் பதில் கோப்பில்தான் இருக்கிறது. விசைப்பலகை எது, நேர மண்டலம் எது, வட்டை எப்படிப் பிரிக்க வேண்டும், எந்தெந்த மென்பொருள் பொதிகள் வேண்டும் என்று இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைத்த சாதாரண எழுத்துக் கோப்பு அது. லினக்ஸ் வகைகளில் இதை ஃபெடோராவில் கிக்ஸ்டார்ட், டெபியனில் பிரிசீட் என்பார்கள். லினக்ஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியில் இன்னும் எளிது: கேள்வி, ஒரு சமக்குறி, பதில், அவ்வளவுதான். ஃபெடோராவில் ஒரு கணினியைக் கையால் நிறுவி முடித்தால், நாம் கொடுத்த பதில்களை இன்ஸ்டாலரே ஒரு கிக்ஸ்டார்ட் கோப்பாக எழுதி ரூட்டின் கோப்புறையில் வைத்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். எங்கள் ஆய்வகத்தின் பதில் கோப்பை, மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருளில் வைத்திருக்கிறோம். எதை, எப்போது, ஏன் மாற்றினோம் என்பது அதிலேயே இருக்கும். எனக்கு அடுத்து இந்தப் பொறுப்புக்கு வருபவர் என்னைத் தேடி வர வேண்டியதில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஒருநாள் காலையில் எங்கள் லேபில் சில சிஸ்டங்களில் மட்டும் இன்ஸ்டாலர் வரவில்லை. பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்று பிஎக்ஸ்இ-இ53 பிழையைக் காட்டி நின்றன. திரையை உற்றுப் பார்த்தால், நாங்கள் கொடுக்கும் 10-ல் தொடங்கும் முகவரி இல்லை, 192.168 என்று தொடங்கும் ஏதோ ஒன்று வந்திருந்தது. யாரோ வைஃபைக்காகச் சின்ன ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டிலிருந்து சுவர் சாக்கெட்டுக்கு ஒயர் சொருகிவிட்டுப் போயிருந்தார்கள். அதுவும் ஒரு டிஎச்சிபி சர்வர்தானே! எங்கள் சர்வரை முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது. அது அப்பாவி ரவுட்டர் என்பதால் பூட் ஆகாததோடு போயிற்று. கெட்ட எண்ணத்தோடு யாராவது அதே வேலையைச் செய்தால், அவர்கள் கொடுக்கும் கோப்பையும் கணினி வாங்கி ஓட்டிவிடும். பதில் சொல்பவர் யார் என்று பிஎக்ஸ்இ சரிபார்ப்பதில்லை. அதனால் நிறுவும் வேலையைத் தனி விலேனில், அதாவது நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்த பகுதியில், வைத்துக்கொள்வது நல்லது. பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருந்தால், மெனுவில் எதையும் தேர்ந்தெடுக்காதபோது உள்வட்டிலிருந்தே பூட் ஆகும்படி வைக்க வேண்டும். தானியங்கி இன்ஸ்டால் முதலில் இருந்தால், மின்சாரம் போய் வந்ததும் அத்தனை வட்டுகளும் துடைக்கப்பட்டுவிடும்.

இனி அப்டேட். ஓபன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. பாதுகாப்புத் திருத்தம் கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே. நிறுத்தி வைத்தால் ஒரு வருடத்தில் நாம் அநாதை. அப்புறம் ஒரே தாவலில் மேலே போகவும் முடியாது. ஒவ்வொரு பதிப்பாகத்தான் ஏற வேண்டும். டெபியனும் இடையில் ஒரு பதிப்பை விட்டுவிட்டுத் தாவுவதை ஆதரிப்பதில்லை. ஆக, தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் வேலை கூடிக்கொண்டேதான் போகும்.

இந்த வேலையை எவ்வளவு பொறுப்பாகச் செய்ய முடியும் என்பதற்கு, 2019-ல் வந்த ஓபன்பிஎஸ்டி 6.6-ல் சேர்ந்த சிஸ்அப்கிரேடு கட்டளையைப் பாருங்கள். புதிய பதிப்பின் கோப்புகளை இறக்கி, வெளியிட்டவர்களின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, மேம்படுத்தும் கர்னல் ஒன்றை வைத்துவிட்டு மறுபடி பூட் செய்யும். அந்தக் கர்னலை ஏற்றும்போதே பூட் லோடர் அதன் இயக்க அனுமதியை நீக்கிவிடுகிறது. நடுவில் ஏதாவது ஆனாலும் அடுத்த முறை அதே கர்னலில் போய் மாட்டிக்கொண்டு சுற்றாது. அடுத்த பதிப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவியும் இப்போதைய பதிப்பிலேயே இருப்பதால், சரிபார்க்கும் சங்கிலி எங்கும் அறுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

டெபியனில் பொதிகளை நிறுவும் கருவியான ஏபிடி இதே போலக் கையொப்பம் பார்க்கிறது. அது பிழை சொன்னால், வாயை அடைப்பதற்காக நம்பிக்கைக்குரியது என்று ஒரு வரி சேர்த்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை யாரும் செய்ய வேண்டாம். எச்டிடிபியில் கோப்பு மறையாக்கம் இல்லாமல் திறந்தபடிதான் வருகிறது. நம்மைக் காப்பது அந்தக் கையொப்பம் ஒன்றுதான்.

எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து மேம்படுத்துபவர்கள், இணைப்பைச் சாராமல் வேலையை ஓடவைக்கும் டிமக்ஸுக்குள் செய்ய வேண்டும், இணைப்பு அறுந்தாலும் வேலை பாதியில் நிற்காது. உபுண்டு லினக்ஸின் மேம்படுத்தும் கருவி, எதற்கும் இருக்கட்டும் என்று 1022 போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச் சேவையையும் திறந்து வைக்கிறது. நாங்கள் முதலில் ஒரே ஒரு கணினியில் போட்டுப் பார்த்து, மாணவர்களை ஒரு வாரம் அதில் வேலை செய்யவிட்டு, பிறகே மற்றவற்றைத் தொடுகிறோம்.

உங்களிடம் கேள்வி கேட்ட வாசகருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்: சர்வருக்கு ஒரு பழைய கணினியே போதும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே மென்பொருள் டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ள டிஎச்சிபி சர்வரைத் தொட அனுமதி இல்லையென்றால், அதற்குப் பக்கத்தில் பூட் தகவலை மட்டும் கொடுக்கும் ப்ராக்ஸி முறையும் அதில் உண்டு. அப்டேட்டை நிறுத்தச் சொன்ன வரியைத் திருத்தி, பதில் கோப்பு எழுதுவது பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்