மதேரோவின் மரணம் பற்றி அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1913 பிப்ரவரியில் மெக்சிகோ நகரத்தில் உங்கள் தூதரகம் செய்த காரியத்தைப் பற்றி எழுதுகிறேன். நூறு வருடத்துக்கு முந்தைய கதையை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று தோன்றலாம். நீங்களே அச்சிட்டு வெளியிட்ட ஆவணங்கள்தான் என்னை எழுத வைத்தன.

பிரான்சிஸ்கோ மதேரோ, கொவாயிலா மாநிலத்தின் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. வசதியாக வாழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 1910 தேர்தலில் சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸை எதிர்த்து நின்றார். அதற்காகவே கைதானார். பிறகு டெக்சாஸுக்குத் தப்பிப் போய், நவம்பர் 20 அன்று ஆயுதம் ஏந்தச் சொல்லி மக்களை அழைத்தார். அடுத்த மே மாதம் சியுதாத் ஹுவாரெஸ் நகரம் அவருடைய படையிடம் வீழ்ந்தது. தியாஸ் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். தேர்தலில் வென்ற மதேரோ 1911 நவம்பர் 6 அன்று குடியரசுத் தலைவரானார்.

பதினைந்தே மாதங்கள்தான் அந்தப் பதவியில் இருந்தார்.

அவர்மேல் தப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தியாஸின் பழைய ராணுவத்தை அப்படியே வைத்துக்கொண்டார். நிலம் கேட்ட விவசாயிகளின் தலைவர் சபாத்தாவைக் காத்திருக்கச் சொன்னார். அவர் பதவியேற்று மூன்று வாரத்தில் சபாத்தா கிளர்ச்சியை அறிவித்துவிட்டார். எல்லாவற்றையும்விட என் மனதை அறுப்பது பிப்ரவரி 17. தலைநகரில் வெடித்த ராணுவக் கிளர்ச்சியை அடக்க மதேரோ அமர்த்தியிருந்த தளபதி ஹுவெர்த்தாவின் துரோகத்தை மோப்பம் பிடித்த தம்பி குஸ்தாவோ, அவரைத் துப்பாக்கி முனையில் பிடித்துக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் நிறுத்தினார். அண்ணனோ, ஹுவெர்த்தாவின் பேச்சை நம்பினார். விசுவாசத்தை நிரூபிக்க 24 மணி நேரம் கொடுத்து விடுவித்தார். மறுநாள் அண்ணன் தம்பி இருவருமே கைதிகள். அன்று இரவே குஸ்தாவோவைச் சித்திரவதை செய்து கொன்றார்கள்.

சரி, அது மதேரோவின் பிழை. உங்கள் பங்குக்கு வருகிறேன். உங்கள் தூதர் ஹென்றி லேன் வில்சன், மதேரோ விலக வேண்டும் என்று மற்ற நாட்டுத் தூதர்களைத் திரட்டினார். 18ஆம் தேதி இரவு ஹுவெர்த்தாவும், பழைய சர்வாதிகாரியின் தம்பி மகனும் கிளர்ச்சித் தலைவருமான ஃபெலிக்ஸ் தியாஸும் ஆட்சியைப் பங்கிட்டு ஒப்பந்தம் போட்டது உங்கள் தூதரகத்துக்குள்தான். மதேரோவை நாடு கடத்துவதா, மனநல விடுதியில் அடைப்பதா என்று ஹுவெர்த்தா யோசனை கேட்டபோது, நாட்டின் அமைதிக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்கள் என்று தான் பதில் சொன்னதாக வில்சனே உங்களுக்குத் தந்தி அனுப்பியிருக்கிறார். கணவரின் உயிருக்காக மதேரோவின் மனைவி சாரா பெரெஸ் வில்சனிடம் போய் மன்றாடினார். வெறுங்கையோடு திரும்பினார். கியூபத் தூதர் மார்க்கெஸ் ஸ்டெர்லிங் சிறைவைக்கப்பட்டவர்களோடு ஓர் இரவு முழுக்கத் தங்கியிருந்தார். சிறிய நாட்டின் தூதருக்கு இருந்த துணிவு உங்களவருக்கு இல்லையே என்று நினைக்கும்போது இப்போதும் கோபம் வருகிறது.

பிப்ரவரி 22 இரவு, மதேரோவையும் துணைத் தலைவர் பினோ சுவாரெஸையும் லெகும்பெர்ரி சிறைக்குக் கொண்டுபோய் அதன் மதிலருகே சுட்டுக் கொன்றார்கள். அன்று உங்கள் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள்.

அந்த ஆண்டே வில்சன் பதவியிழந்தார், தெரியும். ஹுவெர்த்தாவின் ஆட்சியை உங்கள் அரசு ஏற்கவில்லை, அதுவும் தெரியும். ஆனால் இறந்தவர்கள் இறந்தவர்கள்தானே.

நான் கேட்பது ஒன்றுதான். லெகும்பெர்ரி சிறை பின்னாளில் மெக்சிகோவின் தேசிய ஆவணக் காப்பகமானது. வரும் பிப்ரவரி 22 அன்று உங்கள் தூதர் அங்கே நேரில் போகட்டும். வில்சன் அனுப்பிய அந்தத் தந்தியை, மெக்சிகோ மக்கள் கேட்க, ஸ்பானிய மொழியில் வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
மெக்சிகோ வரலாற்றை விரும்பிப் படிக்கும் ஒரு தமிழ் வாசகர்