நெதர்லாந்தின் லைடனில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா?

ஜன்னலைத் திறந்துவைத்து நீ பதிவு செய்து அனுப்பிய பறவைக் குரலைக் கேட்டேன். சந்தேகமே இல்லை, அது பூங்குருவி இனம்தான். உங்கள் ஊரில் மேரெல் என்பார்கள். உடம்பெல்லாம் கறுப்பு, அலகு மட்டும் மஞ்சள். விடிவதற்கு முன்னாலும் பொழுது சாயும்போதும் கூரை முகட்டில் உட்கார்ந்து பாடும். அதன் நெருங்கிய சொந்தம் நம் கொடைக்கானல் சோலைகளிலும் உண்டு. முன்பெல்லாம் இரண்டையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள், பிறகு பிரித்துவிட்டார்கள். ஆனால் பாடுகிற விதம் மாறவில்லை. நிதானமாக ஒரு வரி, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் வேறொரு வரி. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ அதைக் கேட்கிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இனி அனுப்பும்போது வாட்ஸாப் குரல் பதிவாக அனுப்பாதே. அது மனிதப் பேச்சுக்காகச் செய்த வசதி. சத்தத்தை இறுக்கிச் சுருக்கும்போது உச்சத்தில் இருக்கும் ஒலிகள் போய்விடும். சத்தத்தைச் சுருக்காமல் ‘வேவ்’ கோப்பாகப் பதிவு செய்யும் ஆப் ஒன்றை போனில் போட்டுக்கொள். அதில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடு, பறவையையே இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். போனைக் கையில் பிடிக்காமல் எங்காவது சாய்த்துவை. விரல் அசைவது கூட உள்ளே விழும். பறவை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கடைசியில் உன் குரலில் தேதி, நேரம், இடம், பறவையைப் பார்த்தாயா இல்லையா என்பதைச் சொல்லி முடி. இதைச் சொல்லாத பதிவு நாளைக்கு யாருக்கும் பயன்படாது.

இந்த வேலைக்கு நீ இருக்கும் ஊரைப் போல வேறு ஊர் அமையாது. 2003-ல் ஹான்ஸ் ஸ்லாபெகூர்ன், மார்கிரீட் பேட் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவர் லைடன் தெருக்களிலேயே பட்டாணிக்குருவிகளின் பாட்டைப் பதிவு செய்து ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். வண்டிச் சத்தம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கும். அது அதிகமான தெருக்களில் வாழும் ஆண் குருவிகள், தங்கள் பாட்டு அதில் அமுங்கிவிடாதபடி உயர்ந்த சுருதியில் பாடுவதைக் கண்டார்கள். நம் வீட்டுப் பேரிக்காய் மரத்துக்கு வருகிற பட்டாணிக்குருவியும் அதற்குச் சொந்தம்தான். சீசன் நேரத்து ஹாரன் சத்தத்தில் நம் குருவிகள் என்ன செய்கின்றன என்று யாராவது இப்படி உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. உலகம் முழுவதும் பறவைக் குரல்களைச் சேர்த்துவைக்கிற செனோ-கான்டோ இணையதளமும் 2005-ல் நெதர்லாந்துக்காரர்கள் இருவர் தொடங்கியதுதான். அதற்கு ஆதரவாக நிற்கும் நாச்சுராலிஸ் அருங்காட்சியகம் உன் ஊரிலேயே இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வா. நல்ல பதிவு கிடைத்தால் உன்னுடையதையும் செனோ-கான்டோவில் ஏற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்தவரை உலகத்தின் மிகப் பழைய பறவைப் பாட்டுப் பதிவு 1889-ல் ஜெர்மனியில் நடந்தது. லுட்விக் கோக் என்ற சிறுவன், அப்பா கொடுத்த எடிசன் கருவியில் மெழுகு உருளையில் பதித்தான். பாடியது எது தெரியுமா? அவன் கூண்டில் வளர்த்த சோலைபாடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழ்கிற அதே பறவை! பின்னால் 1936-ல் அவர் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போய், பிபிசி வழியாக வீடு வீடாகப் பறவைக் குரல்களைக் கொண்டு சேர்த்தார்.

சரி, நீ போனில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், காது டாக்டரைப் பார்த்தேன். பேச்சு நன்றாகவே கேட்கிறது. சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் சுருதியைத் தாண்டியதும் கோடு கீழே இறங்கிவிடுகிறது. வயதானால் மேல் சுருதிதான் முதலில் போகும் என்றார். எனக்கு இது முன்பே தெரிந்துவிட்டது. வட்டக்கானல் சோலையில் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கத்து மலைகளை விட்டால் வேறெங்கும் இல்லாத பறவை. பூச்சி கத்துவது போல மெல்லிய, உச்சமான குரல் அதற்கு. அலகு திறந்து திறந்து மூடியது, தொண்டை துடித்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பதிவைக் கணினியில், சத்தத்தைக் கோடுகளாகக் காட்டும் ஒலிப்படமாகப் போட்டுப் பார்த்தேன். மேல் சுருதி விழும் இடத்தில் வரிசையாகக் கோடுகள். அது பாடியிருக்கிறது, பாப்பா. முழுப் பாட்டும் பாடியிருக்கிறது.

அன்றைக்கு மனசு கனத்துத்தான் போனது, மறைக்கவில்லை. ஆனால் பதிவு செய்வதை நிறுத்த மாட்டேன். எனக்குக் கேட்காவிட்டாலும் மைக்குக்குக் கேட்கிறது, உனக்கும் கேட்கும். சீசன் கூட்டம் வந்துவிட்டதால் விடிவதற்கு முன்பே போய்விடுகிறேன். அப்போது காற்றும் இருக்காது, வண்டியும் இருக்காது, ஒரு குரல் நெடுந்தூரம் வரும். சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை எனக்கு இன்னும் அப்படியே கேட்கிறது, அதுவே போதும் என்றிருக்கும் சில நாள்.

நம் உள்காதில் ஒலியை வாங்குகிற மயிர்ச்செல்கள் செத்தால் செத்ததுதான், மறுபடி வராது. பறவைகளுக்கு அவை திரும்ப முளைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் ரயிலில் போகும்போது காதுக்குள் செருகிக்கொண்டு சத்தமாகப் பாட்டு வைப்பதை விட்டுவிடு. அலுவலகம் போகிற வழியில் கால்வாய் ஓரமாக நடக்கிறாய் அல்லவா, அந்த நேரமாவது காதைத் திறந்துவை.

பறவையைப் பக்கத்தில் வரவழைக்க அதன் குரலையே போனில் போட்டுக் காட்டும் பழக்கம் இங்கே படம் எடுக்க வருகிறவர்களிடம் பெருகிவிட்டது. எதிரி வந்துவிட்டான் என்று அது குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டு ஓடி வருகிறது. நீ அதைச் செய்யவே கூடாது. யாராவது செய்தால் வேண்டாம் என்று சொல்.

ஈப்பிடிப்பான் பதிவைத் தனியாக மின்னஞ்சலில் அனுப்புகிறேன். நிதானமாகக் கேட்டு, எந்த நொடியில் என்ன கேட்கிறது, எத்தனை பறவை, பின்னால் பூச்சிச் சத்தம் உண்டா என்று எழுதி அனுப்பு. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, கேட்டதைக் கேட்டபடி எழுது. மாப்பிள்ளையையும் உட்கார்த்திக் கேட்கச் சொல். காது மிஷின் பார்க்க அடுத்த வாரம் அம்மாவோடு மதுரைக்குப் போகிறேன், என்ன சொன்னார்கள் என்று வந்து சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா