தகுதிச் சோதனையை ஆஸ்பத்திரி வாசலில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இலவசம் என்பது இனிச் சரிவராது, வசதியுள்ளவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஏழைகளுக்கு மட்டும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. அந்தப் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். விடியப்புறம் முதல் பஸ் பிடித்து வந்து கிளினிக்கில் நம்பருக்கு நிற்கும் தோட்டக்காரருக்கு, காரில் வந்திறங்கியவரும் அதே வரிசையில் அதே மருந்தை வாங்கிப் போவதைப் பார்த்தால் உறுத்தத்தான் செய்யும். ஆனால் இந்த யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் முதலில் அடிபடப் போகிறவர் காரில் வந்தவரல்ல, அந்தத் தோட்டக்காரர்தான்.

காசு வாங்கிப் பார்த்த அனுபவம் நாட்டுக்கு ஏற்கெனவே உண்டு. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். வருகிறவர்களின் தொகை குறைந்தது. 1977 இல் அதைக் கைவிட்டார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே 25 சதம் என்பதால் ஆளைப் பிரிக்கும் வேலையாவது இருக்கவில்லை. இப்போது கேட்கப்படுவது அதைவிடச் சிக்கலானது. யார் வசதியானவர் என்று யார், எந்தக் கடதாசியை வைத்து முடிவு செய்வது?

அரசின் கையில் இதற்கென்று இருக்கும் பெரிய பட்டியல், வறிய குடும்பங்களுக்கு மாதக் கொடுப்பனவு கொடுக்கும் அஸ்வெசும திட்டத்தினுடையது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வந்தது; 2023 ஜூலையிலிருந்து கொடுப்பனவு நடக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டுக் குடும்பங்களைத் தரம் பிரிக்கிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா வரை. மாதக் கொடுப்பனவுக்கு ஏதோ ஒரு பட்டியல் வேண்டும் என்பதை ஏற்கலாம். அதில் பிழை வந்தால் மேன்முறையீடு போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். நெஞ்சுநோவோடு வந்தவர் எந்த மேன்முறையீட்டின் முடிவுக்குக் காத்திருப்பார்?

அந்தக் குறிகாட்டிகள் எங்கள் பக்கத்தில் எங்கெங்கே தடுமாறும் என்பதை விதானையார்மாரை (கிராம சேவகர்களை) கேட்டால் சொல்வார்கள். சீதனமாக வந்த கல்வீடு கைம்பெண்ணின் பெயரில் இருக்கும்; அடுப்பெரிய வழியிருக்காது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் மாடி வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு வயதான சோடி குடியிருக்கும், வீடு அவர்களுடையதல்ல. வலிகாமம் வடக்கில் உறுதியில் பத்துப் பரப்புக் காணி உள்ளவர், அது பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடப்பதால், வாடகை வீட்டில் கூலிவேலை செய்துகொண்டிருப்பார். கடற்றொழிலாளியின் படகும் இயந்திரமும் கணக்கில் சொத்து. அதன்மேல் உள்ள கடன் கணக்கில் வராது. மறுபக்கம், மகன் அனுப்பும் காசு வேறொருவரின் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருக்க, பட்டியலில் பெயர் இருக்கும் வீடுகளும் ஊருக்கு ஊர் உண்டு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் உண்மை.

இவை எல்லாவற்றையும் திருத்திவிட்டாலும் மிஞ்சுகிற ஒரு குறை உண்டு. அதைத் திருத்த வழியே இல்லை. பட்டியல் கணக்கெடுத்த நாளின் நிலைமையைத்தான் சொல்லும். நோய் அந்த நிலைமையை மாற்றிவிடும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கிய ஒரு மேசனை எடுத்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். போகவர எடுக்கும் நேரத்தையும், பிறகு வரும் களைப்பையும் சேர்த்தால் அன்றைய நாட்கூலி போய்விடும். கூடப் போகிறவரின் நாளும் போகும். கணக்கெடுத்தவர் வந்தபோது அந்த வீட்டில் மோட்டார்ச் சைக்கிள் நின்றது, இரண்டு பேர் உழைத்தார்கள், பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு மோட்டார்ச் சைக்கிளும் இல்லை, உழைப்பும் இல்லை. பட்டியல் மட்டும் அப்படியே இருக்கும். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பட்டியலைப் பார்த்தால் இவர் காசு கட்ட வேண்டியவர்.

தகுதி பார்த்துச் சுகாதாரம் கொடுக்கும் நாடுகளில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கலாம். அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரருக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் வருடாவருடம் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் யாரையும் நீக்காமல் வைத்திருந்துவிட்டு, 2023 ஏப்ரலிலிருந்து மறுபடி சோதிக்கத் தொடங்கினார்கள். இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வருமானம் கூடியதால் நீக்கப்பட்டவர்கள் அல்ல. கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது, படிவம் திரும்பி வரவில்லை, ஓர் இணைப்புக் குறைந்தது போன்ற காரணங்கள்தான். ஆர்கன்சா மாநிலம் 2018 இல் மாதம் 80 மணித்தியாலம் வேலை செய்ததாகக் காட்டினால்தான் காப்புறுதி என்று விதி போட்டது. சில மாதங்களுக்குள் 18,000 பேரளவில் காப்புறுதியை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. இப்போது அதே 80 மணித்தியாலம் 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தின் வழியாக நாடளாவிய விதியாக வருகிறது.

பக்கத்துத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 இந்திய ரூபாவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு வருமானச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்க வேண்டும். முகாம்களில் பதிந்த இலங்கை அகதிகளுக்கு அந்த வருமான வரம்பு இல்லை. தகுதி பார்க்கும் அரசாங்கமே, சிலரிடம் வருமானத்தைக் கேட்பதில் அர்த்தமில்லை என்று கண்டு விலக்குக் கொடுத்திருக்கிறது.

ஒரு விடயத்தில் மட்டும் கட்டணக் கட்சிக்காரரோடு நானும் நிற்கிறேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு விடுமுறைக்கு வந்து, வருடக்கணக்கான முழங்கால் நோவுக்கும் கண்புரைக்கும் இங்கே பார்த்துக்கொண்டு போகிறவரிடம் காசு வாங்கலாம். பிரித்தானியாவில் வழமையாக வசிக்காத வெளிநாட்டவரிடம் தேசிய கட்டணத்தின் ஒன்றரை மடங்கை அறவிடுகிறார்கள். கனடாவின் ஒன்ராறியோவில் ஓகிப் என்ற அரச சுகாதாரக் காப்புறுதி அட்டையை வைத்திருக்க எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து வருகிற எங்கள் சொந்தக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்களைவிட நன்றாகத் தெரியும். கேட்டால் கோபிக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் எப்படிக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். பார்க்க வேண்டியது வதிவிடத்தை, வருமானத்தை அல்ல. கேட்க வேண்டியது வார்ட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது; அனுமதிக்கும்போது அல்ல. விபத்து, அவசர சிகிச்சை, மகப்பேறு, தொற்றுநோய் ஆகியவற்றுக்கு யாரிடமும் கேட்கக் கூடாது. பிரித்தானியாவிலும் அவசரப் பிரிவும் காசநோய்ச் சிகிச்சையும் எல்லோருக்கும் இலவசம்தான். இது தருமம் மட்டுமல்ல, தற்காப்பும்கூட. இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது. மலேரியா உள்ள நாட்டிலிருந்து காய்ச்சலோடு வந்திறங்குகிற ஒருவர் காசுக்குப் பயந்து இரத்தம் சோதிக்காமல் வீட்டில் படுத்தால் கடிபடப் போவது அயலட்டையார்.

உண்மையில் ஏழையை வெளியே தள்ளிக்கொண்டிருப்பது எது என்பதைப் பேச மறந்துவிடுகிறோம். நாட்டின் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் கைக்காசு. வாசலில் டிக்கெட் இலவசம். செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நீரிழிவுக் கிளினிக்குக்கு வருகிறவரிடம் அடுத்த முறை வரும்போது இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு வாருங்கள் என்று ஒரு துண்டு கொடுப்பார்கள். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அதற்குரிய இரசாயனம் அன்றைக்கு இல்லாவிட்டால் வெளியில் செய்ய வேண்டும். காசில்லாதவர் செய்யாமல் வருவார். வெறுங்கையோடு வருவதற்கு வெட்கப்பட்டு அடுத்த கிளினிக்கையே தவறவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு தவணை தவறினால் மருந்து நின்றுவிடும். பிறகு காலில் புண்ணோடுதான் வார்ட்டுக்கு வருவார். அந்த ஒரு பரிசோதனையை மிச்சம் பிடித்ததற்கு அரசு கொடுக்கும் விலை கிழமைக்கணக்கான கட்டில், மருந்து, சிலவேளை ஒரு கால்.

அடுத்தது தூரம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியூலன்ஸ் 2018 இலிருந்து யாழ்ப்பாணத்தில் ஓடுகிறது. அழைத்தால் எந்த இடம், ஆளுக்கு என்ன என்று கேட்பார்கள். சம்பளம் என்னவென்று கேட்கமாட்டார்கள். தகுதி பார்க்காத சேவை எவ்வளவு கெதியாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஆனால் அது கடலில் ஓடாது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் படகு. அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு பஸ். காலை கிளினிக்குக்கு வரவேண்டிய நெடுந்தீவார் முதல் நாளே வந்து பட்டினத்தில் தங்க வேண்டும். சாவகச்சேரிக்காரருக்கும் நெடுந்தீவாருக்கும் ஒரே நம்பர் முறை வைப்பது சமத்துவம் போலத் தெரியும், சமத்துவம் அல்ல. தீவகத்தாருக்குப் படகு நேரத்துக்கு ஏற்றபடி பிந்திய நம்பர்களை ஒதுக்கி வைப்பதற்கு அரசுக்கு ஒரு சதமும் செலவில்லை.

தகுதி பார்த்தே ஆகவேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது: ஜனாதிபதி நிதியம். 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்த நிதியம், இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கு உதவி கொடுக்கிறது. 2025 பெப்ரவரிக்கு முன் கடதாசிகளோடு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. இப்போது உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். இது எங்களூரில் இன்னும் பலருக்குத் தெரியாது.

விண்ணப்பம் சுணங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வருமானம் அல்ல, பெயர். தேசிய அடையாள அட்டையில் ஒரு விதம், பிறப்புப் பதிவில் இன்னொரு விதம், கிளினிக் புத்தகத்தில் மூன்றாவது விதம். கந்தசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் 'd' போட்டும் எழுதுவார்கள், 'th' போட்டும் எழுதுவார்கள். தகப்பன் பெயரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் போடுவார்கள். முதல் கிளினிக்கிலேயே அடையாள அட்டையை நீட்டி, அதில் உள்ள எழுத்துப்படியே புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேறுபட்டுவிட்டால், இரண்டும் ஒருவரே என்று விதானையாரிடம் கடிதம் வாங்கிப் பிரதேச செயலாளரின் ஒப்பத்தோடு முற்கூட்டியே வைத்திருங்கள். விசேட வைத்திய நிபுணர் நிரப்ப வேண்டிய பகுதியை அவர் கிளினிக்குக்கு வரும் நாளில் கையோடு கொண்டுபோய் நிரப்புவியுங்கள். பிறகு பார்ப்போம் என்று விட்டால் அடுத்த கிளினிக் வரை இழுபடும். செலவு மதிப்பீட்டில் சத்திரசிகிச்சையின் பெயரும் நிபுணர் எழுதியதும் ஒன்றாக இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே வாசித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து, கொடுத்த திகதியைக் குறித்து வையுங்கள். சிகிச்சை முடிந்த பிறகு ஓடுவதைவிட முன்னரே விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பு.

அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான். காசு வாங்கும் கவுண்டர் திறக்க யோசிப்பவர்கள், அதற்கு முன், பிரதேச செயலகத்திலிருந்து ஓர் உத்தியோகத்தரைக் கிழமையில் ஒரு நாள், இருதய, சிறுநீரக, புற்றுநோய்க் கிளினிக் நடக்கும் நாளில், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலும் ஒரு மேசை போட்டு இருத்திப் பார்க்கட்டும். நோயாளியும், நிபுணரும், படிவமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அந்த நாளில் மட்டும்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோப்பாய்.